துண்டுக்குள் அரசர் சொன்ன விலை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு, எந்த ஆற்றங்கரை என்று என்னைக் குடையாதீர்கள். அங்கே விசயகண்டர் என்று ஓர் அரசர் இருந்தார், அவருக்கு வாரத்துக்கு ஓர் ஆசை வரும் என்பது தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும். ஒரு வாரம் அரண்மனைக் குளத்தில் முதலை வளர்க்க வேண்டும் என்பார். மறு வாரம் அந்த முதலைக்குப் பல் துலக்கிவிட ஆள் தேடச் சொல்வார்.

அந்த முறை வந்தது கால்நடை ஆசை. பக்கத்து நாட்டுத் தூதன் ஒருவன் விருந்துக்கு வந்தவன், சாப்பிட்ட கை காயும் முன்பே தன் நாட்டுக் குதிரைகளின் பெருமையை அளந்துவிட்டுப் போனான். அரசருக்குப் பொறுக்கவில்லை. "நம் நாட்டில் அப்படி என்ன அரிய இனம் இருக்கிறது?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார். சபையில் இருந்தவர்களுக்குப் பால் தெரியும், தயிர் தெரியும், நெய் மிக நன்றாகவே தெரியும். மாடு மட்டும் தெரியாது.

மந்தை அதிகாரி மார்த்தாண்டர் சட்டென்று எழுந்தார். மந்தை அதிகாரி என்று பெயரே தவிர, அவர் சாணத்தை மிதித்து யாரும் பார்த்ததில்லை. "அரசே, நாடெங்கும் பறையறைவிப்போம். அபூர்வமான ஆடு, மாடு, கோழி எது இருந்தாலும் தலைநகருக்குக் கொண்டுவரட்டும். காட்சி வைப்போம். சிறந்ததை ஏலத்தில் தாங்களே எடுத்துக்கொள்ளலாம்" என்றார். அரசர் மகிழ்ந்துபோனார். "கொண்டுவராதவனுக்குத் தண்டனை" என்று மார்த்தாண்டர் தம் பங்குக்குச் சேர்த்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

காட்சி நாளன்று அரண்மனை வெளியில் எள் போட்டால் எள் விழாது. அரசர் விகடகவி காரியப்பனைப் பக்கத்தில் அழைத்துக்கொண்டு வலம் வந்தார். காரியப்பன் பேசினால் அரசர் சிரிப்பார், மார்த்தாண்டர் பேசினால் கொட்டாவி விடுவார். அந்தக் கொட்டாவிதான் மார்த்தாண்டருக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அரசருக்கோ பார்க்கப் பார்க்கக் குழப்பம். நான்கு கொம்புள்ள கிடா ஒன்று நின்றது. உடம்பில் மயிரே இல்லாத ஆட்டைக் காட்டி இதுதான் செம்மறி என்றார்கள். மயிர் அடர்ந்த இன்னொன்றைக் காட்டி இது வெள்ளாடு என்றார்கள். முழங்கால் உயரப் பசு ஒன்றைக் கன்று என்று நினைத்துத் தடவினார். அது மூன்று கன்று ஈன்ற பசு என்றார்கள். "அப்படியா, அப்படியா" என்று சொல்லிக்கொண்டே அரசர் நடந்தார். அவர் வாயிலிருந்து அன்று அதிகம் வந்த சொல் அதுதான்.

கடைசியில் அந்தக் காளையின் முன்னால் வந்து நின்றுவிட்டார். செம்மண் நிறம், மேலெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள், கத்தி போல் பின்னால் வளைந்த கொம்பு. கயிற்றைப் பிடித்தபடி குருவாயி என்ற மலைக்காரப் பெண் நின்றாள்.

"யாருடையது இது?"

"எங்க மலையோடதுங்க மகராசா. பத்து ஊருப் பசுவுக்கும் இவன் ஒருத்தன்தானுங்க பொலிகாளை. போன கோடையில வந்த நோவுல மத்ததெல்லாம் செத்துப்போச்சுங்க. இவனும் இல்லீன்னா எங்க மலைமாட்டுல இனிக் கன்னுக்குட்டியே இல்லீங்க. காட்டச் சொல்லித் தண்டோராப் போட்டாங்க, அதனால ஓட்டியாந்தனுங்க. விக்கிறதுக்கு இல்லீங்க."

அரசரின் கண் காளையின் கொம்பில் இருந்தது. காது எங்கே இருந்ததோ தெரியவில்லை. "இதுதான். இதையே ஏலம் விடுங்கள்" என்றார். குருவாயியின் முகம் வெளிறிவிட்டது. அரசனிடம் மாட்டேன் என்று சொல்ல எந்த மலைக்குத் துணிச்சல் உண்டு?

ஏலம் கூறுகிறவன் தொண்டை கிழியக் கூவினான். சுற்றியிருந்த மாட்டுக்காரர்கள் வாயே திறக்கவில்லை. "ஏன் இவர்கள் ஊமையாகிவிட்டார்கள்?" என்று அரசர் கேட்டார்.

காரியப்பன் சொன்னான்: "அரசே, மாட்டின் விலையை மாட்டின் முன்னால் கூவினால் கண்ணேறு படும் என்பார்கள். சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் ஒரு துண்டுக்குள் கையை விட்டுக்கொள்வார்கள். விரல்தான் பேசும். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது."

அரசருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. "ஆகா! நாமும் அப்படியே செய்வோம். எல்லோரும் கேளுங்கள்! துண்டுக்குள் பேசிய விலையை யாரும் வாயால் கேட்கக் கூடாது, வாயால் சொல்லவும் கூடாது. இது அரச ஆணை. துண்டுக்குள் என் கை என்ன சொல்கிறதோ, அதை என் மகுடத்தின் மேல் ஆணையாக நிறைவேற்றுவேன்!"

"அரசே, விரல் கணக்கை ஒருமுறை சொல்லிவிடுகிறேனே..."

"விலகு காரியப்பா. அரசனுக்குக் கணக்குக் கற்றுத்தருகிறாயா?"

துண்டு போட்டார்கள். அரசர் கையை உள்ளே விட்டார். உள்ளே குருவாயியின் கை விறைத்து, விரல்களை விரித்தபடி இருந்தது. அப்போதுதான் அரசருக்குத் தமக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்தது. ஒரு விரலைப் பிடித்தால் கஞ்ச அரசன் என்று ஊர் சிரிக்குமோ? எல்லாவற்றையும் பிடித்தால் எவ்வளவு? நடுவிரல் என்றால் என்ன? மோதிரவிரலுக்குத் தனி விலை உண்டா? நெற்றி வியர்த்தது. ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. எதுவும் தோன்றாமல் அவளுடைய ஐந்து விரல்களையும் மடக்கி, அவள் உள்ளங்கைக்குள்ளேயே வைத்து, தம் இரண்டு கைகளாலும் அழுத்தி மூடினார்.

குருவாயிக்கு மூச்சு நின்று வந்தது. "நெசமாத்தானுங்களா மகராசா?"

எது நிஜம் என்று அரசருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அரசன் இல்லை என்று சொல்லலாமா? "அரசன் வாக்கு" என்றார் கம்பீரமாக.

அவள் தடாலென்று காலில் விழுந்தாள். "எங்க மலையே உங்க பேரைச் சொல்லுமுங்க சாமி!" என்று அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அரசர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். இப்படி அழுகிற அளவுக்கு அப்படி என்ன கொடுத்துத் தொலைத்தோம்?

மார்த்தாண்டரின் ஆட்கள் காளைக்கு மாலை போட்டு, மேளதாளத்தோடு அரண்மனைக் கொட்டிலுக்கு ஓட்டிப்போனார்கள். குருவாயி பின்னாலேயே வந்து அரண்மனை வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலை அரசருக்குச் சோறு இறங்கவில்லை. கேட்கலாம் என்றால், கேட்கக் கூடாது என்று ஆணை போட்டவரே அவர்தான். தன் வாயே தனக்குக் கேடு என்பது இதுதான். பொக்கிஷக்காரரைக் கூப்பிட்டு, "சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். துண்டுக்குள் ஐந்து விரலையும் பிடித்தால் என்ன?" என்றார்.

"ஐந்நூறு பொன்னாக இருக்கலாம் அரசே."

"இரண்டு கையாலும் பிடித்தால்?"

பொக்கிஷக்காரர் சாவிக்கொத்தை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, தமக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மார்த்தாண்டர் வந்தார். "அரசே, வயிறு எரிகிறது. 'மலையே உங்கள் பெயரைச் சொல்லும்' என்றாள் அல்லவா? தாங்கள் மலையையே கொடுத்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது."

"மலையையா? ஒரு மாட்டுக்கா?"

"அடிவாரமும் சேர்ந்திருக்கலாம்."

வாயில்காவலன் ஓடிவந்து, "அந்தப் பெண் வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். 'இன்னும் எவ்வளவு நேரமாகுமுங்க?' என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்" என்றான். அரசர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

இதுதான் சமயம் என்று மார்த்தாண்டர் குனிந்து சொன்னார்: "துண்டுச் சமாசாரத்தைக் கிளப்பியவன் காரியப்பன். அவனே இந்தப் புதிரை விடுவிக்கட்டும். தங்களிடமோ, அவளிடமோ, வேறு எவரிடமோ ஒரு வார்த்தை கேட்காமல், துண்டுக்குள் நடந்தது என்ன என்று நாளைச் சபையில் அவன் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் விகடகவிப் பட்டத்தைக் கழற்றிவிட்டுக் கொட்டிலில் சாணம் அள்ளட்டும்."

காரியப்பனை இப்படி மாட்டிவிடுவது அநியாயம் என்று அரசருக்கு உறைத்தது. ஆனால் விலை தெரிந்தாக வேண்டுமே! "சரி" என்றார்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. காரியப்பன் வந்தான். வணங்கினான். ஒன்றுமே பேசாமல், மாட்டுவாடை அடிக்கும் பழைய துண்டு ஒன்றைத் தன் வலது கையின் மேல் போட்டுக்கொண்டு, அந்தக் கையை அரசருக்கு நேரே நீட்டினான்.

"என்ன இது?" என்றார் அரசர். காரியப்பன் கையை நீட்டியபடியே நின்றான்.

"கேட்கக் கூடாது! ஆணை! ஆணை!" என்று மார்த்தாண்டர் துள்ளினார்.

"நான் வாய் திறந்தேனா, மந்தை அதிகாரியே?" என்றான் காரியப்பன். "அரசர் வாயால் கேட்கக் கூடாது என்றார். ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்றீர்கள் நீங்கள். கையை நீட்டக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லையே!"

அரசருக்கு அப்போது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. பாய்ந்து வந்து துண்டுக்குள் இரண்டு கைகளையும் விட்டார். நேற்றுச் செய்ததை அப்படியே செய்தார். காரியப்பன் முதலில் புருவத்தை நெரித்தான். பிறகு அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறானா, அழுகிறானா? ஒரு மலையா, இரண்டு மலையா? அரசர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரிந்துவிட்டது அரசே. ஆனால் வாயால் சொல்லவும் கூடாது என்பது ஆணை. ஆகையால் காட்டுகிறேன். அந்தக் காளையையும் குருவாயியையும் அழைத்துவரச் சொல்லுங்கள்."

காளை வந்தது. சபை நடுவே வந்து நின்றதும் சாணம் போட்டது. மார்த்தாண்டர் பட்டாடையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார். காரியப்பன் காளையின் கயிற்றை வாங்கி, குருவாயியின் உள்ளங்கையில் வைத்து, அவளுடைய ஐந்து விரல்களையும் அதன் மேல் மடக்கி, தன் இரண்டு கைகளாலும் அழுத்தி மூடினான்.

"அதேதானுங்க!" என்றாள் குருவாயி. "விலையே பேசலீங்க, அதனால சொன்னாக் குத்தமில்லீங்க. மகராசா நேத்தே இதைத்தானுங்களே சொன்னாரு! 'உம்பட மாடு உங் கையிலயே இருக்கட்டும், எனக்கு வேண்டா'ன்னாரு. சந்தையில வாங்க வந்தவங்க வேண்டாம்னு விட்டுக்கொடுத்தா இப்படித்தானுங்க விரலை மடக்கிக் குடுப்பாங்க. அப்புறம் மாலை போட்டு ஓட்டிக்கிட்டுப் போனாங்க. ஊர்கோலம் முடிஞ்சு குடுப்பாங்கன்னு வாசல்லயே உக்காந்திருந்தனுங்க. அங்க பசுவெல்லாம் பருவத்துக்கு வந்து நிக்குதுங்க, அதான் எவ்வளவு நேரமாகும்னு கேட்டனுங்க."

சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரசரும் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். நேற்று அவள் சொன்னதெல்லாம் அவர் காதுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது. பத்து ஊருப் பசு, ஒரே காளை, இனிக் கன்றில்லை. இதையா கேட்காமல் நின்றோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

காரியப்பன் பக்கம் சாய்ந்து, "காரியப்பா, நானா இதைச் சொன்னேன்?" என்று மெல்லக் கேட்டார்.

"தங்கள் கை சொன்னது அரசே. வாய்க்குத் தகவல் வர ஒரு நாள் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். மகுடத்தின் மேல் ஆணையிட்டதும் கைக்குத்தான்."

காளையின் கொம்பை அரசர் ஒருமுறை ஆசையோடு பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார். "மார்த்தாண்டரே! நான் திருப்பிக் கொடுத்த மாட்டை அரண்மனைக் கொட்டிலில் கொண்டுபோய்க் கட்டியது யார்?"

"அரசே... தாங்கள்தானே..."

"கட்டு என்று நான் வாயால் சொன்னேனா?"

"இல்லை அரசே, ஆனால்..."

"அந்த ஏழைப் பெண்ணை வாசலில் காக்க வைத்து, எனக்கு ஒருவேளைச் சோற்றையும் கெடுத்து, மலையைக் கொடுத்தேன் அடிவாரத்தைக் கொடுத்தேன் என்று புரளியும் கிளப்பினீர். இந்தக் காளையை நீரே மலைவரை நடத்திக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாரும். பல்லக்கு கிடையாது."

குருவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "முன்னால நடக்காதீங்க சாமி, முட்டிப்போடுவான். பின்னாலயும் வேண்டாமுங்க, உதைப்பான்" என்றாள் கவலையோடு. எந்தப் பக்கம் நடப்பது என்று புரியாமல் மார்த்தாண்டர் காளையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். அவர்கள் வாசலைத் தாண்டுகிறவரை அரசர் அடக்கிக்கொண்டிருந்தார். அதற்குமேல் முடியவில்லை. சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அரை நாடு போயிற்று என்று நடுங்கிக்கொண்டிருந்தேன் காரியப்பா! கடைசியில் ஒரு செம்புக்காசுகூடக் கொடுக்காமல் தரும ராசா என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டாய். வா, வா, உனக்கு ஒரு பரிசு தருகிறேன். இங்கே கையைக் கொடு!"

காரியப்பன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கை வேண்டாம் அரசே. தங்கள் கை என் விரலையும் மடக்கிவிட்டால் நான் எங்கே போவேன்? பரிசு என்ன என்பதைச் சபை முழுதும் கேட்கும்படி வாயாலேயே சொல்லிவிடுங்கள்."

அரசர் சொன்னார். நல்ல உரக்கவே சொன்னார். பொக்கிஷக்காரருக்கு மறுபடியும் தலை சுற்றியது.