எல்லாவற்றையும் பார்த்துவிட்டவர்

தூத்துக்குடியைத் தனியாகச் சுற்றிப் பார்க்க, தொழிலதிபர் அம்பலவாணன் ஒரு சுற்றுலா நிறுவனம் மூலமாக ஜெசிந்தாவை வழிகாட்டியாக அமர்த்தியிருந்தார். மாதா கோயில், துறைமுகம் என்று அவள் எதைக் காட்டினாலும், "இதைவிடப் பெருசா வெளிநாட்டுல பார்த்துட்டேன்" என்றார்.

மத்தியானம் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இதைவிடப் பெருசு இல்லைன்னு நான் சொல்ற மாதிரி ஒண்ணு காட்டும்மா. இல்லைன்னா உன் முதலாளிகிட்டப் பேசி உன்னை வேலையை விட்டே தூக்கிடுவேன்."

ஜெசிந்தா அவரைப் படகில் ஏற்றினாள். கரை கண்ணுக்கு மறைந்ததும் படகோட்டியிடம் இன்ஜினை நிறுத்தச் சொன்னாள். நாலு பக்கமும் நீலமாகத் தண்ணீர் மட்டுமே தெரிந்தது.

"இதைவிடப் பெரிய கடலெல்லாம் பார்த்தாச்சு" என்றார் அவர்.

"எல்லாக் கடலும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துதான் சார் கிடக்கு. அங்க நீங்க பார்த்தது இதோட இன்னொரு ஓரம்."

அம்பலவாணன் அடிவானத்தை ஒரு சுற்று பார்த்தார். பிறகு குனிந்து, கையைத் தண்ணீரில் விட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கலாமாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.