பதினோரு குறை

திருச்சி பொன்மலையில் ஒரு டயர் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட கூடத்தில் அரசியம்மா தியானம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வயது முப்பத்தாறு. கல்லூரியில் கணிதம் நடத்திய வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர். அவர் முன்னால் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அவர் அக்கா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் அவரை அம்மா என்பார்கள். அதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

அங்கே வருகிறவர்களில் ஒருத்தியான வேதவல்லிக்கு நாற்பத்தேழு. தனியார் மருத்துவமனை ஒன்றில் தலைமைச் செவிலி. இருபத்து மூன்று வருடத்தில் ஏழு வாடகை வீடு மாறியவள். தனியாகவா இருக்கிறீர்கள், யார் யார் வந்துபோவார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் ஒவ்வொரு தடவையும் சாவி கைக்கு வந்தது. எட்டாவது வீடு சொந்த வீடு என்று தீர்மானித்தாள்.

வங்கி கடன் தர ஒத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, மூன்றாவது மாடியில், மனதுக்குப் பிடித்த ஃப்ளாட்டும் அமைந்தது. விற்கிறவர்தான் மசியவில்லை.

அவர் பெயர் இஞ்ஞாசிமுத்து. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். எட்டு மாதமாக ஒரே விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது பேர் பேசிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று புரோக்கர் சொன்னார்.

ஒரு நாள் மாலை எல்லோரும் எழுந்து போன பிறகும் வேதவல்லி உட்கார்ந்தே இருந்தாள்.

"அம்மா, மசியவே மாட்டேங்குற மனுஷரை எப்படி மசிய வைக்கிறது?"

அரசியம்மா விவரம் கேட்டார். வேதவல்லி சொன்னாள். மூன்று தடவை போயிருக்கிறாள். முதலில் வீட்டைக் குறை சொல்லு, விலை தானாக இறங்கும் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதன்படி பதினோரு குறைகளை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். லிஃப்ட் இல்லை, படிக்கட்டு குறுகல், மேற்கு வெயில், சுவிட்சுகள் பழசு என்று வரிசையாக அடுக்கினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் அதே விலையைச் சொன்னார்.

அரசியம்மா எழுந்து படியிறங்கினார். வேதவல்லியும் பின்னால் போனாள். டயர் கடை ஓரமாக அவளுடைய ஸ்கூட்டி நின்றிருந்தது. அரசியம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதை வாங்கலாம்னு பாக்குறேன்கா. ஆனா சீட்டு கிழிஞ்சிருக்கு. கண்ணாடி ஒரு பக்கம்தான் இருக்கு. பின்னாடி ஒடுங்கிப் போயிருக்கு."

வேதவல்லி சிரித்தாள்.

"பெயிண்ட் வெளுத்துப்போச்சு. நீங்க வரும்போது சத்தம் மாடி வரைக்கும் கேக்குது. மைலேஜும் ஒண்ணும் பெரிசா இருக்காது."

வேதவல்லியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா, கொரோனா சமயத்துல பஸ்ஸே ஓடலை. ஒரு நாள்கூட லீவு போடாம டூட்டிக்குப் போனேன்னா இதுலதான் போனேன். இதை நான் விக்கிறதா இல்லை."

"நான் இன்னும் விலையே கேக்கலையே அக்கா."

வேதவல்லி சீட்டின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

பிறகு அரசியம்மா கேட்டார். "அந்தப் பதினோரு குறையில உங்களுக்கு நிஜமாவே குறையாப் பட்டது எத்தனை?"

யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஒண்ணு. குளியலறைச் சுவர்ல கசிவு இருக்கு."

"பிடிச்சது?"

அதைச் சொல்ல அவளுக்கு யோசனை தேவைப்படவில்லை. காலை வெளிச்சம் நேராக அடுப்பு மேடையில் விழுவது, பால்கனியில் சரியாக ஒரு நாற்காலிக்கு இடம் இருப்பது, ஷிப்ட் முடிந்தால் நடந்தே வந்துவிடலாம் என்பது, கதவைச் சாத்தினால் யார் வந்தார்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை என்பது. சொல்லச் சொல்ல அவள் குரல் மாறியது.

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா விலையை ஏத்திடுவாரே."

"எட்டு மாசத்துல ஏத்தியிருக்காரா?"

இல்லை. இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை.

அரசியம்மா மாடிப்படியில் கால் வைத்தபடி திரும்பினார். "உங்களால எவ்வளவு முடியும்? எனக்குச் சொல்ல வேணாம். உங்களுக்குத் தெரியுமா?"

தேவைப்பட்டால் சங்கிலியை விற்கலாம், இன்னும் தேவைப்பட்டால் தங்கை வீட்டுக்காரரிடம் கேட்கலாம் என்று தனக்குள் அந்தத் தொகையை இழுத்துக்கொண்டே போயிருந்தாள். அது எங்கே நிற்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"தெரிஞ்சப்புறம் போங்க" என்று சொல்லிவிட்டு அரசியம்மா மேலே போய்விட்டார்.

அதைத் தெரிந்துகொள்ள நான்கு நாள் ஆயிற்று. முதல் இரண்டு நாளும் தொகை கூடிக்கொண்டே போனது. மூன்றாம் நாள் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். நான்காம் நாள் தங்கை வீட்டுக்காரரையும் விட்டுவிட்டாள். மிச்சம் இருந்தது அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் இல்லாமல் தனியாகப் போனாள். இஞ்ஞாசிமுத்து கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, எதிரே உட்கார்ந்தார். போன தடவை சொன்ன குறைகளில் பத்து, மற்றவர்கள் சொல்லிக்கொடுத்துச் சொன்னவை, அவற்றை விட்டுவிடுங்கள் என்றாள். கசிவு மட்டும்தான் நிஜமான குறை என்றாள். அப்புறம் அடுப்பு மேடை வெளிச்சத்தில் தொடங்கி, பிடித்ததையெல்லாம் சொன்னாள். அவர் அதற்கும் தலையை ஆட்டினார்.

"விலையில மாத்தம் இல்லம்மா."

"உங்களை இறங்கச் சொல்ல நான் வரலை சார்." தன்னால் முடிந்த தொகையைச் சொன்னாள். "இவ்வளவுதான் என்னால முடியும். இதுக்கு மேல இல்லை. முடியும்னா கூப்பிடுங்க."

"முடியாது. வேற ஆளைப் பாத்துக்குறேன்."

"பாருங்க சார். நல்லவங்களா அமையட்டும்."

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. இரண்டாவது மாடி தாண்டும்போது கால் லேசாக இருப்பதைக் கவனித்தாள். தெருவுக்கு வந்தபோது பசித்தது. பக்கத்து ஓட்டலில் இரண்டு பூரி சாப்பிட்டாள்.

அடுத்த மூன்று வாரத்தில் புரோக்கர் நான்கு தடவை கூப்பிட்டார். இன்னொரு பார்ட்டி வந்திருக்கிறது, கொஞ்சம் ஏற்றிச் சொன்னால் முடித்துவிடலாம் என்றார். அந்தப் பார்ட்டிக்கே முடித்துக்கொடுங்கள் என்று அவள் கோபமில்லாமல் சொன்னாள். கிராப்பட்டியில் இரண்டு வீடு பார்த்தாள். ஒன்று பரவாயில்லை. சனிக்கிழமை பத்திரங்களை வக்கீலிடம் காட்டுவதாகச் சொல்லி வைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் இஞ்ஞாசிமுத்துவே போன் செய்தார். வரச் சொன்னார்.

இந்தத் தடவை காபி கொடுத்தார்.

"இருபத்தெட்டு வருஷம் ரயில்ல டிக்கெட் கேட்டவன்மா நான். தொலைஞ்சுபோச்சுன்னு சொல்றவன்ல எவன் நிஜமாத் தொலைச்சவன்னு மூஞ்சியைப் பாத்தாலே தெரியும். இங்க வந்த ஒன்பது பேரும் இதுதான் கடைசின்னு சொன்னாங்க. மறுநாள் காலையில போன் போட்டு இன்னும் கொஞ்சம் ஏத்துனாங்க. இன்னும் இருக்குன்னுதானே அர்த்தம்? நான் எதுக்கு இறங்கணும்?"

வேதவல்லி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க இவ்வளவுதான்னு சொன்னீங்க. போயிட்டீங்க."

அவள் சொன்ன தொகைக்கே தருவதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். ஓசூரில் மகன் அவருக்காக ஓர் அறை கட்டிக்கொண்டிருக்கிறான், முடிய மூன்று மாதம் ஆகும், அதுவரை இங்கேயே இருக்கலாமா என்று. வந்தவர்கள் எல்லோரும் பதிவு முடிந்த அன்றே சாவி வேண்டும் என்றார்களாம். வேதவல்லி சரி என்றாள். அதை ஒப்பந்தத்திலும் எழுதச் சொன்னாள். வக்கீல் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். கசிந்த சுவரை இஞ்ஞாசிமுத்துவே ஆள் வைத்து, பக்கத்தில் நின்று பூசிக்கொடுத்தார்.

பதிவு முடிந்த மறுநாள் வேதவல்லி இனிப்போடு கூடத்துக்குப் போனாள். உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்டுத் துளைக்கிறார்கள் என்றாள். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை என்றாள்.

"அம்மா, எட்டு மாசமா இறங்காதவர் எப்படி இறங்கினார்?"

அரசியம்மா பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தார்.

"முதல்ல இறங்கினது நீங்கதானே அக்கா? மூணு மாடி."