வலியில்லாத கட்டி

செங்கோடன் ஒரே ஒரு தடவைதான் இணையத்தில் தேடினார்: 'தாடைக்குக் கீழே வலியில்லாத கட்டி.'

அன்றிலிருந்து விளம்பரங்கள் அவரைத் துரத்தின. அவர் இருந்தது பவானி ஆற்றங்கரையில் ஒரு தியான இல்லத்தில். அதன் மாத இதழுக்குக் கணினியில் பக்கம் அமைப்பவர் அவர். பஞ்சாங்கத்தைத் திறந்தால் புற்றுநோய் மருத்துவமனை. மழை நிலவரம் பார்த்தால் பாதி விலையில் ஸ்கேன். 'இன்னுமா காத்திருக்கிறீர்கள்?' என்று ஒரு வெள்ளைக் கோட்டுக்காரர் கேட்டார். மூலையிலிருந்த சின்னப் பெருக்கல் குறியை அழுத்தினால், மூடுவதற்குப் பதில் இன்னொன்று திறந்தது.

மூன்றாம் வாரம் குருவிடம் போனார். குரு தையல்நாயகி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவருக்கு அம்மாதான்.

"அம்மா, இந்த விளம்பரத்தையெல்லாம் நிறுத்த வழி இருக்குங்களா? பயமா இருக்குங்க."

குரு கணினி முன் அமர்ந்து, உலாவியில் விளம்பரத் தடுப்பான் ஒன்றைச் சேர்த்தார். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான்."

பக்கங்கள் துடைத்துவிட்டாற்போல் ஆயின. தடுத்த விளம்பரங்கள் எத்தனை என்று மேல் மூலையில் ஓர் எண் மட்டும் ஓடியது.

ஒரு வாரம் கழித்து குரு வந்து பார்த்தார்.

"இப்ப எப்படி?"

"ஒண்ணுகூட உள்ள வரலீங்கம்மா. இன்னைக்கு மட்டும் நாற்பத்தி மூணை நிறுத்தியிருக்குது." குரல் இறங்கியது. "முன்னாடியாவது என்ன சொல்றாங்கன்னு தெரியும். இப்ப அந்த நம்பரைப் பார்த்தாலே திக்குங்குதுங்க."

குரு அவர் முகத்தையே பார்த்தார்.

"தாடி எத்தனை நாளா?"

இல்லத்தில் எல்லோரும் அதை விரதம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 'சாமியாராப் போறீங்களாக்கும்' என்று சமையல் பார்க்கும் மாரக்கா கேலிகூடச் செய்தாள்.

"ஒரு மாசமுங்க. சவரம் பண்ணினா கையில தட்டுப்படுது."

"என்ன தட்டுப்படுது?"

 செங்கோடனின் கை கழுத்துவரை போய், தொடாமல் திரும்பியது.

குரு போனில் ஆட்டோவை வரச் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்கீங்கம்மா?"

"ஆஸ்பத்திரிக்கு."

"அந்த விளம்பரத்துல வந்ததுக்குங்களா?"

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு. அவங்க விளம்பரம் போடறதில்ல."

ஆட்டோ வந்து நின்றது. குரு ஏறினார். செங்கோடன் வாசற்படியிலேயே நின்றார். 

"கொஞ்சம் இந்தப் பயம் போகட்டுங்கம்மா. அப்புறமா வர்றேனுங்க."

குரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"அதுவும் வரட்டும். இடம் இருக்கு."