பல் படாத கவுதாரி

அந்தக் காலத்தில் மனிதருக்கும் நாய்க்கும் கவுதாரிக்கும் பேச்சு ஒன்றுதான். கல்லாங்குன்றில் கண்ணி வைத்துக் கவுதாரி பிடித்துப் பிழைத்த சடையன், தன் மனைவி வெள்ளச்சியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் கறையான் புற்றொன்றை உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூண்டு. அதற்குள் அவள் குஞ்சிலிருந்து வளர்த்த சேவல் கவுதாரி. அது கூவினால்தான் காட்டுக் கவுதாரிகள் கண்ணிப் பக்கம் வரும். இது கறையான் தின்று முடித்ததும் எடுத்து வருகிறேன், நீ முன்னால் போ என்றாள். அவன் போனான்.

வெகுநேரமாகியும் அவள் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது புற்றடியில் கிடந்தாள். மணிக்கட்டில் இரண்டு பல் தடம். கூண்டு பத்தடி தள்ளி இண்டம் முட்புதர் ஓரத்தில் கதவு தெறித்துக் கிடந்தது. பாம்பைக் கண்டதும் தன் கையை இழுத்துக்கொள்ளாமல் கூண்டைத் தூக்கி எறிந்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

கவுதாரி பயந்து புதருக்குள் புகுந்திருந்தது; கூப்பிட்டும் வெளியே வரவில்லை. இறகு நறுக்கிய பறவை, பறக்காது. விடிந்ததும் பழக்கத்தில் கூவியது. கூவக் கூவ, நரியின் காலடித் தடம் நாளுக்கு நாள் புதரை நெருங்கியது. அந்த முள்ளுக்குள் மனிதன் நுழைய வழியில்லை. வீட்டில் வளர்ந்த இளம் பெண்நாய் செவலை நுழையும். ஆனால் அன்றைக்கு நாய் என்றால் கவ்வியதை நொறுக்குவதுதான்.

வெள்ளச்சியின் தம்பி உடையான் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், இந்த நாய் தூக்கிவந்தால் பறவை குழம்புக்குத்தான் ஆகும்."

"உயிரோடு கொண்டுவரும்" என்றான் சடையன்.

முதலில் முட்டையைக் கவ்வப் பழக்கினான். செவலை உடைத்து நக்கியது. இன்னொன்று கொடு அண்ணே, இந்தத் தடவை சரியாகத் தூக்குகிறேன் என்றது. அதையும் உடைத்தது. ஏழாவது முட்டையில்தான் அது வேண்டுமென்றே உடைக்கிறது என்று அவனுக்கு விளங்கியது. கோபத்தில் இலந்தை முள்ளை உருட்டி, மேலே இறகு சுற்றிக் கொடுத்தான். செவலை அழுத்திக் கடித்து, அலறித் துப்பியது. அதன்பிறகு எதைப் போட்டாலும் வாய் திறக்கவில்லை. அப்படியே இரண்டு நாள் வீணாயிற்று. நரியின் தடம் புதரின் வாயிலுக்கே வந்துவிட்டது.

முள்ளுருண்டையைத் தூர எறிந்துவிட்டு அவன் செவலையின் எதிரில் உட்கார்ந்தான்.

"வாய் கடிக்கத்தானே அண்ணே இருக்கிறது?" என்று அது முனகியது.

"மழையில் உன் தாய் உன்னைப் பாறைக்கடியிலிருந்து மாற்றினாளே, எதால் தூக்கினாள்?"

"வாயால்."

"கடித்தாளா?"

செவலை எழுந்து போய், மிச்சமிருந்த ஒரே முட்டையைக் கவ்விவந்து அவன் கையில் வைத்தது. ஓட்டில் கீறல்கூட இல்லை.

மறுநாள் விடியலில் அதைப் புதருக்குள் அனுப்பினான். முள் காதைக் கிழித்தது. கவுதாரியைக் கண்டு வாயில் எடுத்ததும், அது பயத்தில் திட்டியது. கொல்லத்தானே வந்தாய், இழுத்தடிக்காமல் கடித்துத் தொலை என்றது. செவலையால் பதில் பேச முடியவில்லை. கவுதாரி உதைத்தது. சேவலின் கால் முள் செவலையின் நாக்கில் குத்தி ஏறியது. வாயெல்லாம் ரத்தம். ஒரு கடி கடித்திருந்தால் வலி அத்தோடு போயிருக்கும். செவலை தாடையை இறுக்கவில்லை. அந்த முள் நாக்கில் இருந்தபடியே, வழியில் நின்ற நரியைத் தாண்டி ஓடிவந்து, சடையனின் கையில் பறவையை வைத்தது.

கவுதாரியின் நெஞ்சு அவன் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. உடையான் பறவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பல் தடம் இல்லை. கூண்டின் கதவைக் கட்டித்தர உட்கார்ந்தான்.

சடையன் மூலிகை அரைத்துப் பூசினான். நாக்கின் புண் ஆறியது. பேச்சு வரவில்லை. செவலையின் குட்டிகளுக்கும் வரவில்லை, எந்த நாய்க்கும் பிறகு வரவில்லை.

வேட்டை நாய் பறவையைப் பல் படாமல் தூக்கிவந்து, ஆளின் கையில் வைக்கும்வரை சத்தம் போடாமல் இருப்பது அன்று தொடங்கியதுதான். வாங்கிப் பார்த்தால் இறகில் எச்சில் ஈரம் மட்டும் இருக்கும்.