வெட்டின புல்லைத் திருப்பி நட்டவர்கள்

செம்பூத்துநல்லூர் பயணியர் மாளிகையில் தோட்ட வேலைக்கு நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஒருவரிடம் மட்டும் சொன்னால் அவர் அதை எப்படிப் புரிந்துகொள்வாரோ என்ற பயத்தில் நான்கு பேரைப் போட்டிருந்தார்கள். நான்கு பேரும் ஒரே மாதிரிதான் புரிந்துகொண்டார்கள்.

மேஸ்திரி நல்லதம்பி மூத்தவர். எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். பதில் அங்கே எழுதியிருப்பதுபோல் கொஞ்ச நேரம் படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அவருக்கு அடுத்து சோலையப்பன், குழந்தைவேலு. எல்லோருக்கும் இளையவர் ஏகாம்பரம்.

இளையவர் என்றாலும் ஏகாம்பரத்துக்கு முப்பத்திரண்டு வயது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மூன்று இடங்கள் வந்து தட்டிப்போயிருந்தன. கடைசியாக வந்த இடத்தில் பெண்ணின் அப்பா, "ஒருநாள் வீட்டுப் பக்கம் வந்துட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தார். ஏகாம்பரம் இரண்டு பஸ் மாறிப் போய், அவர்கள் வீட்டு வாசலில் நின்று, "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிப் போய்விட்டார். அதில் என்ன குறை கண்டார்கள் என்பது அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்போது நான்காவது இடம். பெண்ணின் பெயர் அன்னக்கொடி. அவள் அப்பா மருதையன் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். "ஆளைப் பாத்தாச்சு. செய்யற வேலையைப் பாக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வரோம். வேலை மனசுக்குப் புடிச்சா அங்கேயே வாக்குக் குடுத்துடறேன்" என்றிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இது.

காலை எட்டு மணிக்கு மாளிகைப் பொறுப்பாளர் ரோசலின் மேடம் நான்கு பேரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். அவருக்கு மாவட்டத் தலைநகரில் கூட்டம். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"ஏகாம்பரம், இன்னைக்கு உங்க வேலையைப் பாக்க வராங்களாமே. புல்தரை பளிச்சுன்னு இருக்கட்டும். புது மெஷின்லயே வெட்டுங்க. ஆனா கவனமா கேளுங்க. ஈரப் புல்லை வெட்டாதீங்க. ஒரே தடவையில மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாதீங்க. வெட்டின புல்லைக் குப்பையில போடாதீங்க, எரிக்கவும் எரிக்காதீங்க. மண்ணுல இருந்து வந்தது, மண்ணுக்கே திரும்பிப் போகட்டும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்" என்றார்கள் நான்கு பேரும்.

அந்த ஒருமித்த குரல் ரோசலின் மேடத்துக்கு என்னவோ செய்தது. மூன்றில் ஒரு பங்கு என்றது புல்லின் உயரத்தைத்தான் என்று விளக்க வாயெடுத்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

புல்தரையில் பனி கோத்திருந்தது. ஏகாம்பரம் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"மேஸ்திரி, ஈரமா இருக்கே."

"வெயில் வந்தா காஞ்சிடும்" என்றார் குழந்தைவேலு.

"வெயில் காய வெச்சா அது வெயிலோட வேலை. அதுக்கு நமக்கு எதுக்குச் சம்பளம்?" என்றார் நல்லதம்பி.

உள்ளே போய்ப் பன்னிரண்டு துண்டுகளை எடுத்து வந்தார்கள். விருந்தினர் குளித்துவிட்டுத் துவட்டும் துண்டுகள். நான்கு பேரும் முட்டி போட்டு, வாசலில் தொடங்கி, புல்லைத் துவட்டிக்கொண்டே போனார்கள். ஏகாம்பரம் மற்றவர்களைவிடப் பதமாகத் துவட்டினார். நாலு மணிக்கு யார் யார் வரப்போகிறார்கள் என்பது அவருக்குத்தானே தெரியும்.

ஒன்றரை மணி நேரத்தில் புல் காய்ந்தது. துண்டுகள் நனைந்தன. ஈரத் துண்டை உள்ளே வைக்கக் கூடாது என்பதால் நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் காயப்போட்டார்கள். நல்ல வெயில் புல்தரையில்தான் விழுந்தது. துண்டை எடுத்துப் பார்த்தபோது அடியில் பன்னிரண்டு இடத்தில் புல் மறுபடி ஈரமாகியிருந்தது.

அந்தக் கவலையில் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தால் எல்லாம் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்துகிடந்தது.

"பாத்தியா, தொடைச்சது வீண் போகலை" என்றார் நல்லதம்பி.

அடுத்தது மூன்றில் ஒரு பங்கு. கயிறு கட்டி அளந்து, புல்தரையை மூன்றாகப் பிரித்தார்கள். எந்தப் பங்கை வெட்டுவது என்பதில்தான் சிக்கல்.

"கேட் பக்கத்துப் பங்கை வெட்டலாம். பொண்ணு வீட்டுக்காரங்க உள்ள வந்ததும் கண்ணுல படும்" என்றார் ஏகாம்பரம்.

"மாளிகைப் பக்கத்தை வெட்டினாத்தான் மேடம் கண்ணுல படும். சம்பளம் குடுக்கறது பொண்ணு வீடா, மேடமா?" என்றார் சோலையப்பன்.

நல்லதம்பி வானத்தைப் பார்த்தார். "நடுப் பங்கை வெட்டு. ரெண்டு பக்கத்துக்கும் மனஸ்தாபம் வராது."

நடுப் பங்கை வெட்டினார்கள். இரண்டு பக்கமும் முடி வைத்துக்கொண்டு உச்சியை மட்டும் மழித்துக்கொண்ட ஆள்போலப் புல்தரை ஆகாயத்தைப் பார்த்துப் படுத்திருந்தது. ஏகாம்பரத்துக்கு அதைப் பார்க்கையில் மனதில் எதுவோ இடறியது. கயிறு ஓர் ஓரத்தில் கோணலாக இருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, கயிற்றை நேராக இழுத்துக் கட்டினார். மனசு சரியாகிவிட்டது.

வெட்டின புல் நான்கு கூடை வந்தது. கூடைகளைச் சுற்றி நான்கு பேரும் உட்கார்ந்தார்கள்.

"குப்பையில போடக் கூடாது. எரிக்கக் கூடாது. மண்ணுக்கே திரும்பிப் போகணும்" என்று ஒப்பித்தார் ஏகாம்பரம்.

"அவ்வளவுதானே?" குழந்தைவேலு ஒரு கூடையைத் தூக்கி அப்படியே புல்தரையில் பரப்பினார். அந்த நாளில் அங்கே நடந்த சரியான காரியம் அது ஒன்றுதான். ஆனால் சோலையப்பன் விடவில்லை.

"இது மண்ணு மேல கெடக்குது. வந்தது மண்ணுக்குள்ள இருந்து. ஒருத்தரைப் பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிட்டுட்டு, வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டேன்னு சொல்லுவியா நீ?"

குழந்தைவேலு வெட்கப்பட்டு, பரப்பினதையெல்லாம் கூட்டிக் கூடையில் திரும்ப அள்ளினார்.

"அப்போ நட்டுத்தான் ஆகணும்" என்றார் நல்லதம்பி.

"நடலாம் மேஸ்திரி. ஆனா எந்தப் புல்லு எங்க இருந்து வந்துதுன்னு எப்படித் தெரியும்? எல்லாம் கலந்துபோச்சே" என்றார் குழந்தைவேலு.

"கோயில் வாசல்ல செருப்பு விடற எடத்துல டோக்கன் குடுக்கறானே, அந்த மாதிரி குடுத்திருக்கணும்" என்றார் நல்லதம்பி.

"புல்லுக்கு டோக்கனா?"

"வெட்டறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்டா."

ஏகாம்பரம் ஒரு வழி சொன்னார். வெட்டின புல் துண்டைத் தரையில் மிச்சமிருந்த ஒவ்வொரு கட்டையோடும் ஒட்டவைத்துப் பார்ப்பது. எது பொருந்துகிறதோ அதுதான் அதன் இடம். அவரே ஒரு புல்லை எடுத்துக்கொண்டு போனார். பதினோரு கட்டைகளில் பொருந்தவில்லை. பன்னிரண்டாவது பொருந்தியது. சந்தோஷத்தில் பதின்மூன்றாவதிலும் வைத்துப் பார்த்தார். அதிலும் பொருந்தியது.

"மேஸ்திரி, ரெண்டு பேர் சொந்தம் கொண்டாடறாங்க."

நல்லதம்பி தீர்ப்புச் சொன்னார். "எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கதான். அண்ணன் எடத்துல தம்பி நின்னா ஒண்ணும் குடி முழுகிடாது. நடு."

சாப்பாட்டு மேசையிலிருந்து பல் குத்தும் குச்சி டப்பாவை எடுத்து வந்தார்கள். குச்சியால் ஒரு குத்து, அதில் ஒரு புல், சுற்றி விரலால் ஓர் அழுத்து. மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நட்ட புல் சாய்ந்தால் குச்சியையே பக்கத்தில் ஊன்றி, நூலால் கட்டினார்கள். மூன்று மணிக்கு இரண்டு பாய் விரிக்கிற அளவு இடம் முடிந்திருந்தது. அடிபட்ட காலுக்குக் கட்டுப் போட்டதுபோல வரிசை வரிசையாகப் புல் நின்றது.

குழந்தைவேலு நிமிர்ந்து பார்த்தார். "மேஸ்திரி, நட்ட எடமெல்லாம் உயரமா நிக்குது. வெட்டாத மாதிரியே இருக்குதே."

"அப்படின்னா சரியா நட்டிருக்கோம்னு அர்த்தம்."

"உயரமா இருந்தா வெட்டணுமே" என்று சோலையப்பன் எழுந்துபோய் மெஷினை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏகாம்பரம் குறுக்கே பாய்ந்து விழுந்தார்.

"அண்ணே! இன்னைக்கு ஒரு பங்கு வெட்டியாச்சு. ஒரே நாள்ல அதுக்கு மேல வெட்டினா மேடம் என்ன சொல்லுவாங்க?"

சோலையப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு மெஷினை நிறுத்தினார்.

சரியாக நாலு மணிக்கு கேட் திறந்தது. முன்னால் மருதையன், சலவை வேட்டியில். பின்னால் பெண்ணின் தாய்மாமன் காத்தவராயன். அவருக்குப் பின்னால் அன்னக்கொடி. ஏகாம்பரம் முழங்காலில் மண்ணும் கையில் பல் குத்தும் குச்சியுமாக எழுந்து நின்றார்.

மருதையன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு புல்தரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்ன வேலை நடக்குது?"

"வெட்டின புல்லை நடறோம், மாமா" என்றார் ஏகாம்பரம். வாக்குக் கொடுக்கும் முன்பே மாமா என்று வாயில் வந்துவிட்டது.

மருதையன் காத்தவராயனைப் பார்த்தார். காத்தவராயன் மருதையனைப் பார்த்தார். ஏகாம்பரத்துக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். மூன்று வீட்டில் பார்த்திருக்கிறார்.

"ஒண்ணு கேக்கறேன் தம்பி. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

மருதையன் உட்கார்ந்து, கட்டோடு நின்ற ஒரு புல்லை மெல்லப் பிடுங்கிக் கையில் வைத்துக் காட்டினார். "இதுல எது நுனி, எது அடி?"

நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். மெஷின் இரண்டு பக்கமும் நறுக்கியிருந்தது. நல்லதம்பி வானத்தைப் பார்த்தார். வானத்துக்கும் தெரியவில்லை போலிருந்தது.

"அப்போ பாதிப் புல்லு தலைகீழா நிக்குது" என்றார் காத்தவராயன் கண்டிப்பாக.

"தலைகீழா நின்னா என்ன ஆகும்?" என்று கேட்டார் சோலையப்பன்.

அன்னக்கொடி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "கீழ்ப்பக்கமா வளரும்."

நட்டிருந்த வரிசைகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாத்தையும் அப்படி நட்டுட்டா அப்புறம் வெட்டவே வேண்டியதில்லையே" என்றாள்.

நல்லதம்பியின் கண் கலங்கிவிட்டது. "பதினாறு வருஷமா வெட்டிக்கிட்டு இருக்கேம்மா. ஒருத்தராவது இதைச் சொல்லியிருப்பாங்களா!"

ஏகாம்பரம் அன்னக்கொடியை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். இதற்கு முன் வந்த மூன்று இடங்களும் தட்டிப்போனது எதற்கென்று இப்போது புரிந்தது.

ஏழு பேரும் வேலையில் இறங்கினார்கள். எது நேராக இருக்கிறது, எது தலைகீழாக இருக்கிறது என்று தெரியாததால், பாரபட்சம் பார்க்காமல் எல்லாவற்றையும் பிடுங்கித் திருப்பி நட்டார்கள். பெண் வீட்டார் வயலில் பழகினவர்கள். நாற்று நடுகிற மாதிரி கொத்துக் கொத்தாக நட்டார்கள். நாலு கூடையும் ஐந்து மணிக்குள் தீர்ந்துவிட்டது. மருதையன் கையைக் கழுவிக்கொண்டு, வாக்குக் கொடுப்பதற்காகத் தொண்டையைக் கனைத்தார்.

"கொஞ்சம் இருங்க மச்சான்" என்றார் காத்தவராயன். "மேல வளந்தா கண்ணுக்குத் தெரியும், வெட்டிடலாம். கீழ வளர்றதை யாரு வெட்டுவா?"

மருதையன் முகம் இருண்டது.

"வெட்டாம விட்டா கீழ காடாப் போயிடுமே" என்றார். "காலுக்கு அடியில காட்டை வளக்கற எடத்துல எப்படி மச்சான் பொண்ணைக் குடுக்கறது?"

அன்னக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். நல்லதம்பி அண்ணாந்தார். அவர் படித்து முடிக்கிறவரை ஏகாம்பரம் காத்திருக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் சொல்லாமலேயே, தானே ஒரு முடிவெடுத்து மண்வெட்டியைத் தூக்கினார்.

ரோசலின் மேடம் திரும்பி வந்தபோது மணி ஆறரை. இன்னும் வெளிச்சம் இருந்தது. புல்தரையின் நடுவில் ஒரு குழி. குழியோரத்தில் நல்லதம்பியும் சோலையப்பனும் புது மெஷினின் இடுப்பில் கயிறு கட்டி அதை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர், "மெதுவா, மெதுவா, பிளேடு மண்ணுல படாம" என்று வழிசொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைவேலு ஏந்தி ஏந்திக் கொடுத்த மண்கூடையை ஒரு பெண் வாங்கி வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏகாம்பரம்!"

குழிக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்தது. "வாங்க மேடம். மேல வேலை முடிஞ்சுது. அடிப்பக்கந்தான் பாக்கி."

சலவை வேட்டி முழுக்க மண்ணாகியிருந்த ஒரு பெரியவர் பெருமை தாங்காமல் முன்னால் வந்து கும்பிட்டார்.

"நீங்கதான் மேடமா? நான் பொண்ணோட அப்பா. நாலடி இறங்கிட்டோம், இன்னும் புல்லோட நுனி தட்டுப்படலை. நட்டு ரெண்டு மணி நேரங்கூட ஆகலைங்க! இம்மாம் ஆழத்துக்கு வளக்கற கைக்குப் பொண்ணு குடுக்காம நான் வேற யாருக்குக் குடுக்கப்போறேன்? வாக்குக் குடுத்துட்டேன். என்னைக்கு நுனி கண்ணுல படுதோ, அதுக்கு மறுநாளே கல்யாணம்."

குழிக்குள் ஏகாம்பரம் உள்ளங்கையில் எச்சிலைத் தொட்டுக்கொண்டு, இன்னும் வேகமாகத் தோண்டத் தொடங்கினார்.