நாள் சொல்லும் நேரம்

மேகம் ஒரு சன்னல் வழியாக உள்ளே வந்து இன்னொரு சன்னல் வழியாக வெளியே போகும் மலை அது. அங்கிருந்த மடத்தில் பாதி நாள் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே தெரியாது. முதலில் குரல் கேட்கும், பிறகு ஆள் தெரிவார். குரல் கொடுக்காமல் யாராவது எதிரே வந்துவிட்டால் இருவரும் திடுக்கிட்டுப் பிறகு சிரிப்பார்கள்.

மடத்தின் குரு வடிவம்மைக்கு முப்பத்தெட்டு வயது. சீடர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்றுதான். குருவின் முன் யாரும் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது. ஒவ்வொரு சீடருக்கும் ஓர் இணை உண்டு. அந்தியில் விளக்கேற்றியதும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய், தன் இணையின் அன்றைய நாள் எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டும். அதற்கு நாள் சொல்வது என்று பெயர்.

திருமேனிக்கு இணையாக வாய்த்தவர் குழந்தைவேலு. இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. ஒரே நாளில் மலையேறி வந்தவர்கள். திருமேனி கீழே ஊரில் பெரிய புலவர். வாதம் என்று வந்துவிட்டால் எதிராளியை வாய் திறக்க விட மாட்டார். குழந்தைவேலு சுண்ணாம்பு சுடும் காளவாசலில் வேலை பார்த்தவர். இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கும். இப்படி ஒரு ஜோடியைச் சேர்த்து வைத்த அம்மையாரின் குறும்பை என்னவென்று சொல்வது!

மூன்று வருஷமாகத் திருமேனி நாள் சொல்லிவந்தார்.

"இன்னைக்குத் தியானத்துல தூங்கிட்டாரும்மா."

"கஞ்சிய அடிப்பிடிக்க விட்டுட்டாரும்மா."

"நீங்க குடுத்த நாலு வரி இன்னும் அவரு மனசுல ஏறல."

ஒன்றுகூடப் பொய்யில்லை. அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு "சரி" என்பார்.

அந்த வருஷம் மலையடிவாரத்தில் புதிதாக ஒரு கிளை மடம் எழும்பியிருந்தது. மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களை உட்காரவைத்துப் பேச அங்கே ஒருவர் வேண்டும். அந்த இடம் தனக்குத்தான் என்று திருமேனி நம்பியிருந்தார். தை போயிற்று, மாசி போயிற்று. அம்மையார் மூச்சுவிடவில்லை.

காரணம் என்னவென்று திருமேனி தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார். தம்முடைய அருமையைச் சொல்லக் குழந்தைவேலுக்கு வார்த்தை ஏது? ஊரே வாய்பிளந்து கேட்ட ஒரு மனிதர், ஒரு காளவாசல்காரர் நாக்கில் அகப்பட்டுக் கிடக்கிறார். அதை நினைக்க நினைக்க அவருக்கு வயிறெரிந்தது.

ஒரு நாள் காலையில் நேரே அம்மையாரிடம் போய் நின்றார்.

"அம்மா, ஒரே ஒரு நாள் என்னைப் பத்தி நானே சொல்லிக்கிறேன். உத்தரவு குடுக்கணும்."

"ஏன்?"

"குழந்தைவேலு நல்லவருதான். ஆனா சொல்லத் தெரியாது."

அம்மையார் சற்று யோசித்தார். "விதிய மாத்த முடியாது. ஆனா அவருக்கு ராத்திரியிலருந்து காய்ச்சல். இன்னைக்கு வர மாட்டாரு. நீங்க அவரா வாங்க. அவரு துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு, அவரு உக்கார்ற இடத்துல உக்காந்து, அவரு வாயால திருமேனியோட நாளச் சொல்லுங்க."

திருமேனிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தியில் சொல்வதற்காக அன்று முழுக்கத் தம்மைத் தாமே பின்தொடர்ந்து கவனித்தார். நானூறு பாடல்களை நிறுத்தாமல் ஓதினார். சமையலறையில் இரண்டு பேருக்குள் மூண்ட சண்டையைத் தீர்த்துவைத்தார். மேகத்துக்குள் நடக்கும்போதுகூடக் கொஞ்சம் கம்பீரமாக நடந்தார். பார்க்க ஆளில்லை என்பது வேறு விஷயம்.

நடுவில் துண்டு கேட்கக் குழந்தைவேலின் அறைக்குப் போனார்.

"எடுத்துக்கோய்யா," என்றார் படுத்திருந்தவர். "அப்படியே கொஞ்சம் வெந்நி கெடைக்குமா?"

"இந்தா, வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான்.

அந்தியில் விளக்கேற்றினார்கள். அறைக்குள்ளும் மேகம் இருந்தது. அம்மையாரின் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. திருமேனி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதில் விறகுப் புகையும் வேப்பெண்ணெயும் கலந்த வாசம் அடித்தது.

"வாங்க குழந்தைவேலு," என்றார் அம்மையார். "திருமேனிக்கு இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?"

தம்மைப் பற்றிக் குழந்தைவேலு யாரிடம் பேசினாலும் எப்படித் தொடங்குவார் என்பது திருமேனிக்குத் தெரியும். அதேபோலத் தொடங்கினார்.

"நம்ம புலவரு..."

அதற்குமேல் ஓடவில்லை. நம்ம. அந்தச் சொல்லைத் திருமேனி குழந்தைவேலைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட.

"சொல்லுங்க."

நானூறு பாடல்களைச் சொல்ல வாயெடுத்தார். பாயில் காய்ச்சலோடு கிடந்தவருக்கு அதெல்லாம் எங்கே தெரிந்திருக்கும்? தெரிந்தது ஒன்றுதான். கதவைத் தாண்டிப் போன ஒரு முதுகு.

"நம்ம புலவருகிட்ட வெந்நி கேட்டேன்," என்றார் திருமேனி. "வர்றேன்னாரு. வரல. துண்ட எடுத்துட்டுப் போனாரு, நெத்தியத் தொட்டுப் பாக்கல."

"அப்புறம்?"

அப்புறம் நிற்கவில்லை. அடைத்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. "அவரு சதா தன்னையே பாத்துக்கிட்டிருக்காரும்மா. நாள் சொல்ல வந்தா என் தூக்கத்தையும் தீஞ்ச கஞ்சியையுமே சொன்னாரு. என்னைத் தாழ்த்துனா தான் ஒசந்து தெரியலாம்னு கணக்குப் போட்டாரு. அவரு படிச்சது அத்தனையும் வேஷம். எதுக்கும் லாயக்கில்லாத மனுஷன். நாளைக்கு விடியுமுன்ன மூட்டையக் கட்டிக்கிட்டு எறங்கிப் போறதுதான் அவருக்கு மரியாதை." சொல்லிவிட்டு முகத்தை அந்தத் துண்டிலேயே புதைத்துக்கொண்டு அழுதார்.

திருமேனி அழுது முடித்தார்.

"மொதல்ல சொன்னது குழந்தைவேலு குரல்தான்," என்றார் அம்மையார். "எதுக்கும் லாயக்கில்லன்னு சொன்னது அவரு இல்ல. அது பழைய புலவரு. தாழ்த்திக்கிறதுலயும் தான்தான் முதல்ல நிக்கணும் அவருக்கு."

திருமேனி நிமிர்ந்து பார்த்தார். மேகத்தில் அம்மையாரைக் காணவில்லை.

"அவரு என்னதாம்மா சொல்லுவாரு?"

குரல் மட்டும் வந்தது. "மழைக்காலத்துல தண்ணிக்குப் போறப்ப நம்ம புலவரு பள்ளத்துப் பக்கமா நடப்பாரு, என்னைய உள்பக்கம் விட்டுருவாரு, அது அவருக்கே தெரியாதுன்னு சொன்னாரு. மல்லாந்து கெடக்குற வண்டைக் கண்டா திருடன் மாதிரி அக்கம்பக்கம் பாத்துட்டுக் குச்சியால நிமித்தி விடுவாரு, ஆள் வந்தா பாட்டு யோசிக்கிற மாதிரி நிப்பாருன்னு சொன்னாரு. இதச் சொல்லிட்டுக் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு."

திருமேனிக்குக் காது மடல்கள் சுட்டன. அந்த வண்டுகளைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. அப்படி ஒரு திருமேனியை யாரோ மூன்று வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏதோ ஒரு சந்தோஷம் உள்ளே எழுந்தது. அது பெருமை இல்லை என்று மட்டும் தெரிந்தது.

"என் குத்தமெல்லாம் சொல்லலியா?"

"சொல்லாம என்ன? தெனமும் சொல்லுவாரு. தன் வீட்டுக் கூரை ஒழுகுறதச் சொல்ற மாதிரி சொல்லுவாரு."

"நான் அவரப் பத்திச் சொன்னது..."

"நடுவுல இருக்குறது மூங்கில் தட்டி. வெளிய உக்காந்திருக்குறவருக்குக் கேக்காம இருக்குமா? நீங்க சொல்லிட்டுப் போனப்புறம் உள்ள வந்து, 'புலவரு சொன்னது நெசந்தாம்மா, தூங்கிட்டேன்'னு ஒத்துக்கிட்டு, அப்புறம் உங்க நாளச் சொல்லுவாரு."

வெளியே தூறல் விழத் தொடங்கியது. திருமேனி துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார். ஓரம் சேரவில்லை. மறுபடி பிரித்து மடித்தார்.

"அம்மா, அடிவாரத்துக்கு அவரையே அனுப்புங்க."

"உங்கள அனுப்பச் சொல்லி அவரு ரெண்டு மாசமா என்னைய நச்சரிக்கிறாரு."

"அப்போ ஏம்மா என்னை அனுப்பல?"

அம்மையார் விளக்கைத் தூண்டினார். மேகம் விலகி அவர் முகம் தெரிந்தது.

"அங்க வர்றவங்களோட நாளக் கேட்டுக்கணும். அதுக்கு ஒரு ஆளோட நாளாவது தெரிஞ்சிருக்கணும். சரி, நீங்க இப்ப திருமேனிதானே? உங்க மொறை இன்னும் பாக்கி இருக்கு. குழந்தைவேலுக்கு இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?"

திருமேனி வாயைத் திறந்தார். காய்ச்சல் கூடிற்றா, குறைந்ததா? ஏதாவது சாப்பிட்டாரா? யாராவது பக்கத்தில் இருந்தார்களா?

"நான் பாக்கலம்மா," என்றார் கடைசியில்.

"அவரப் பத்தி மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் ஒழுங்கா ஒண்ணு சொல்லியிருக்கீங்க," என்றார் வடிவம்மை. "போய்ப் பாத்துட்டு வந்து மிச்சத்தச் சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் நான் முழிச்சிருக்கேன்."