அச்சில் விழுந்த தீர்த்தம்

"டீச்சர், நான் ஊத்துற மீன் மட்டும் ஏன் இப்படிப் பொத்தல் பொத்தலா வருது?" என்று கேட்டாள் வியாகுலம்.

டீச்சர் என்பது ஜெனோவா. துறைமுகத்தை ஒட்டிய தெருவில் ரப்பர் மீன் வார்க்கிறவள். தூண்டில் முள்ளில் இரைக்குப் பதிலாகக் குத்துகிற, விரல் நீள மெத்தென்ற மீன். வியாகுலத்தின் கடைசி மகளைவிட இவள் சின்னவள். இருந்தாலும் வியாகுலம் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

ஜெனோவா மீனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எக்கா, இது மீன் இல்ல. இடியாப்பத் தட்டு."

வியாகுலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் மகன் கில்பர்ட், குடியை நிறுத்துகிற ஆஸ்பத்திரியில் இருந்து போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தான். குடி பிடிக்கும் முன்னால் பொழுதெல்லாம் துறைமுகக் கற்களில் தூண்டில் போட்டுக் கிடப்பான். தன் கையால் ஒரு மீன் வார்த்துக் கொடுத்தால், அவன் கால் மறுபடி கடல் பக்கம் திரும்பும் என்று தாய்க்கு ஒரு நம்பிக்கை.

"காலையில பையைக் கட்டிட்டான் டீச்சர். சாயங்காலம் கிளம்புறானாம். எங்கேன்னு சொல்ல மாட்டேங்கான்."

"வீட்ல என்ன சண்டை?"

"சண்டையே இல்லையே. எழுந்ததும் கோயில் தீர்த்தம் தெளிச்சேன். சாப்பிட உக்காந்தான், தெளிச்சேன். வாசலத் தாண்டினான், பின்னாலேயே ஓடித் தெளிச்சேன். இன்னொரு சொட்டு மேல பட்டா இந்த வீட்ல இருக்க மாட்டேன்னு கத்துறான். பெத்தவ வேற என்ன செய்வா?"

ஜெனோவா கையிலிருந்த மீனை ஓரமாக வைத்தாள். அடுப்பைக் காட்டினாள்.

"ஊத்துங்க. இன்னைக்கு நான் பக்கத்துல நிக்கேன்."

பால்போல இருந்த பிளாஸ்டிக்கை வியாகுலம் சின்னப் பாத்திரத்தில் ஊற்றிச் சூடாக்கினாள். நிதானமாகக் கிண்டினாள். பால் கூழாகியது. கூழ் இளகிக் கண்ணாடியாகத் தெளிந்தது. அதுவரை ஒரு குறையும் இல்லை.

பிறகு கையுறையைக் கழற்றினாள். இடுப்பில் செருகியிருந்த குட்டி பாட்டிலைத் திறந்தாள். விரலை நனைத்து, அச்சின் குழிக்குள் சிலுவை வரைந்தாள். கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டு ஊற்றினாள்.

ஈரம் பட்டதும் சூடான பிளாஸ்டிக் சடசடவென்று தெறித்தது.

ஒரு துளி அவள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது.

ஜெனோவா அவளை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கையைப் பிடித்தாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

"தீர்த்தம் தப்பா டீச்சர்?"

ஜெனோவா பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜன்னலில் இருந்த மாதா படத்தின் முன் வைத்தாள்.

பிறகு அச்சிலிருந்த பொத்தல் மீனை எடுத்துவிட்டு, துணியால் அச்சைத் துடைத்தாள். அடுப்பின் அனலில் காட்டினாள். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, திரும்பவும் அனலில் காட்டினாள்.

வியாகுலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெட்டுப்போன மீனைத் தூரப் போட்டுரவா?"

"எதுக்கு? ஈரத்தைத் துடைச்சிட்டுப் பாத்திரத்துல போடுங்க. உருகும்."

உருகியது. இந்தத் தடவை வியாகுலம் கையுறையோடு ஊற்றினாள், நூல் மாதிரி. குழி நிறைந்தது. சத்தமே இல்லை.

உடனே அச்சைத் திறக்கக் கை நீண்டது. ஜெனோவா அந்தக் கையைப் பிடித்தாள்.

"ஆறணும்."

"எவ்வளவு நேரம்?"

"ஆறுற வரைக்கும்."

"அது வரைக்கும் நான் என்னதான் செய்ய?" வியாகுலம் கையை உருவிக்கொண்டாள். "நான் எப்பத்தான் ஜெபம் பண்றது டீச்சர்?"

ஜெனோவா அவளை ஸ்டூலில் உட்காரவைத்தாள். கையுறைகளைக் கழற்றினாள். இரண்டு கையையும் எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"இப்ப."

*

சாயங்காலம் கில்பர்ட் பையோடு வாசலில் நின்றான்.

வியாகுலம் மீனை நீட்டினாள். அவன் வாங்கி வாலை ஆட்டிப் பார்த்தான். ஒரு பொத்தல் இல்லை.

"யாரு செஞ்சா?"

"நான்தான்."

"மந்திரிச்சியா?"

"இல்ல."

அவன் நம்பவில்லை. பழக்கத்தில் தலை குனிந்து, முகத்தைச் சுளித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

ஒன்றும் விழவில்லை.

கண்ணைத் திறந்தான்.

"தெளிக்கலையா?"

அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். மணிக்கட்டில் சுட்ட இடம் சிவந்திருந்தது. கை காய்ந்திருந்தது.

அவன் அந்தச் சிவப்பைப் பார்த்தான். மீனைப் பார்த்தான்.

பையைக் கதவுக்கு உள்ளே வைத்தான். பரணுக்குக் கையை நீட்டித் தூண்டில் கம்பை இறக்கினான். தூசியை ஊதிவிட்டுப் படியிறங்கினான். தெருவில் போய்த் திரும்பி நின்றான்.

"எங்க போறேன், எப்ப வருவேன்னு கேக்க மாட்டியா?"

வியாகுலம் வாசல்படியில் உட்கார்ந்தாள். டீச்சர் வைத்த மாதிரியே கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.